முள் நீக்கம்

கால்புகோ துறைமுகத்தில் மழை விடாத பதினோராம் நாள்.
கீழ்த்தளத்தில் மீன்வளம்,
மேல்தளத்தில் மனிதவளம்.
இடையில் பதினேழு இரும்புப் படிகள்.
ஹீட்டர் இருப்பது என் அறையில் மட்டும்.

யாஸ்னா பர்ரியா ரப்பர் பூட்ஸோடு ஏறி வந்தாள்.
உட்காரச் சொன்னேன்.
"நாற்காலி நனைந்துவிடும்" என்றாள்.
நனையட்டும் என்று சொல்ல எனக்குத் தோன்றியது
அவள் போய் நெடுநேரம் கழித்து.

அவள் வேலை சால்மன் துண்டிலிருந்து முள் பிடுங்குவது.
இடுக்கியால், துண்டுக்கு இருபத்தெட்டு, முப்பது.
எட்டு டிகிரிக் குளிரில் விரல்நுனிதான் கண்.
மேற்பார்வையாளர் எலியேசர் மான்சில்யா
கழிப்பறைக் கதவுக்கு எதிரே நின்று
கடிகார முள்ளைப் பார்த்திருக்கிறார்.
ஆறு நிமிடம். மறுநாள் ஏழு.
மூன்றாம் நாள், வரிசையில் நாற்பது பேர் முன்னால்,
"உன் மூத்திரப்பை என்ன, ஓட்டையா?"
என்று கத்தியிருக்கிறார்.

குறித்துக்கொண்டேன்.
குறிப்பது என் வேலை.

முதல் வரைவில் "கத்தினார்" என்றுதான் இருந்தது.
இரண்டாவதில் "குரலை உயர்த்தினார்".
சான்டியாகோவிலிருந்து வக்கீல் போன் செய்த பிறகு
"இருவருக்குமிடையே கருத்துப் பரிமாற்றம் நிகழ்ந்தது".
நாற்பது பேர் "சில சக ஊழியர்கள்" ஆனார்கள்.
மூத்திரப்பை எந்த வரைவில் காணாமல் போனது,
எனக்கே தெரியவில்லை.
வாக்கியத்தைத் தடவிப் பார்த்தேன்.
எங்கும் எதுவும் குத்தவில்லை.
ஏற்றுமதித் தரம்.

எலியேசரையும் கூப்பிட்டேன். அவர் உட்கார்ந்தார்.
வலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
"மணிக்கு எத்தனை துண்டு என்று
என் கழுத்தில் கைவைத்துக் கேட்பது யார்?
அதையும் எழுதுங்கள்."
எழுதினேன்.
அதுவும் மூன்றாம் வரைவுக்கு வந்து சேரவில்லை.

அலமாரியில் அறுபத்து மூன்று கோப்புகள்,
"சுமுகமாக முடிந்தது" என்ற முத்திரையோடு.
சுமுகம் என்றால்
ரோசாமெல் நவெல்கின் ராஜினாமா எழுதிவிட்டு
பஸ் ஓட்டப் போனான்.
சுமுகம் என்றால்
லுஸ்மிரா இரவு ஷிஃப்டுக்கு மாற்றப்பட்டாள்,
அவளே கேட்டுக்கொண்டபடி.
அந்தச் சொல்லுக்குள் ஒரு முகம் இருக்கிறது.
யாருடையது என்று நான் தேடியதில்லை.

தராசின் முள் நீங்கள் என்றார்கள் பயிற்சி வகுப்பில்.
தராசை வாங்கி வைத்தவர் யார் என்பது
எந்த ஸ்லைடிலும் இல்லை.
அவர்கள் சம்பளச் சீட்டில் பாயும் அதே நீல மீன்
என் சீட்டிலும் பாய்கிறது.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வந்தாள்.
இந்த முறை ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து
அதன்மேல் உட்கார்ந்தாள்.
இரண்டு பக்கத்தையும் சுட்டுவிரலால் வாசித்தாள்,
வரிவரியாக அழுத்தி.
எட்டாவது வரியில் விரல் நின்றது.
"திருமதி நோல்பா, இங்கே ஒன்று இருந்ததே?"

ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
நடைமுறை, கொள்கை, இரு தரப்பு நலன்:
வாய்வரை வந்த சொற்களெல்லாம்
வழவழவென்று இருந்தன.

பேனாவை அவளே எடுத்தாள்.
ஓரத்தில், அச்செழுத்தைவிடப் பெரிதாக,
அவர் கேட்டதை அப்படியே எழுதினாள்.
ஒரு சொல்லில் எழுத்துப்பிழை.
நான் திருத்தவில்லை.
கையெழுத்துப் போட்டாள்.
பக்கத்திலேயே என் பெயருக்கான கோடு, காலியாக.

சுத்தமான பிரதி ஐந்து மணிக்குள் வேண்டும் என்றிருந்தார் வக்கீல்.
நாலு ஐம்பத்திரண்டு.
பையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
பதினேழு படிகளும் அவள் இறங்கும் சத்தம்.
பிறகு ஷிஃப்ட் மாறும் சங்கு.

காகிதத்தை ஸ்கேனரில் கவிழ்த்தேன்.
மூடியை இன்னும் மூடவில்லை.
எச்சில் விழுங்கும்போது தொண்டையில் ஏதோ உறுத்துகிறது.
இன்று மதியம் நான் மீன் சாப்பிடவில்லை.